மோதிரத்துக்குத் தகடு வெட்டும் முன்

உள் விட்டத்தோடு தகட்டின் தடிமனையும் கூட்டி, 3.14-ஆல் பெருக்கி வெட்டுங்கள். 17 மி.மீ. விட்டம், 1.5 மி.மீ. வெள்ளித் தகடு என்றால் நீளம் 58.1 மி.மீ.

வளைக்கும்போது தகட்டின் உட்பக்கம் சுருங்கும், வெளிப்பக்கம் நீளும். நடுக்கோடுதான் ஏறக்குறைய மாறாமல் இருக்கும். உள் விட்டத்தை மட்டும் கணக்கிட்டால் 53.4 மி.மீ.தான் வரும். ஒட்டிப் பார்த்தால் மோதிரம் 15.5 மி.மீ.க்குச் சுருங்கியிருக்கும், விரலில் ஏறாது. வெள்ளியும் வீண், பற்றவைக்கும் பொடி வைத்து, தீ ஊதி ஒட்டிய உழைப்பும் வீண்.

முனைகளை அரத்தால் ராவும்போது கொஞ்சம் தேயும் என்பதால் 0.3 மி.மீ. கூடுதலாக விடலாம். அதற்கு மேல் வேண்டாம்: கல் பதிக்காத மோதிரம் சற்றே சிறிதானால் தட்டிப் பெருக்கிவிடலாம், பெரிதானால் அறுத்துத்தான் ஒட்ட வேண்டும்.

பட்டை 6 மி.மீ.க்கு மேல் அகலமானால் இந்தக் கணக்கு இறுக்கும். விரல் அளவையே அகலமான வளையத்தால் எடுங்கள். முறுக்குக் கம்பிக்கும் இந்தக் கணக்கு சரிவராது.