புக்கிங் மெயில் ஸ்பாமுக்குப் போகிறதா? எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் அமைக்கும் முறை

புதுச்சேரி மிஷன் வீதிப் பக்கம் நண்பர் ஒருவர் சின்ன விடுதி நடத்துகிறார். அவர் அனுப்பும் புக்கிங் மெயில் எல்லாம் ஸ்பாமுக்குப் போனது. போதாக்குறைக்கு, "முன்பணம் கட்டுங்கள்" என்று விடுதி முகவரியிலேயே யாரோ போலி மெயில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இரண்டுக்கும் வைத்தியம் டிஎன்எஸ் பக்கத்தில்தான், அதாவது உங்கள் டொமைனுக்கான (இணையப் பெயருக்கான) ரெக்கார்டுகளை வைத்திருக்கும் இடத்தில். அதற்குள் நுழையத் தெரியும் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

முதலில் எஸ்பிஎஃப். உங்கள் டொமைன் பெயரில் மெயில் அனுப்ப எந்தெந்த சர்வருக்கு அனுமதி என்று சொல்லும் டெக்ஸ்ட் ரெக்கார்டு இது. பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஹோஸ்டிங்காரர் ஏற்கெனவே ஒன்று போட்டு வைத்திருப்பார். மெயில் கம்பெனி கொடுத்ததை நாம் இன்னொரு வரியாகச் சேர்த்துவிடுவோம். ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்பிஎஃப் ரெக்கார்டுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் 'பெர்ம்எரர்' (நிரந்தரப் பிழை), இரண்டுமே செல்லாது. விடுதி டொமைனிலும் இதே கதைதான். இரண்டிலும் உள்ள 'இன்க்ளூட்' பகுதிகளை (இன்ன கம்பெனியின் சர்வர்களுக்கு அனுமதி என்று சொல்பவை) ஒரே வரியில் கோத்து, கடைசியில் ஒரே ஒரு 'ஆல்' (பட்டியலில் இல்லாத மற்ற எல்லா சர்வரும்) வைத்துவிட்டு, மற்றதை அழித்துவிடுங்கள். 'ஆல்' முன்னால் ~ குறி (சந்தேகத்துக்குரியது என்று பொருள்) போதும். + மட்டும் வேண்டாம். ஊர் உலகத்துக்கே அனுமதி கொடுத்த மாதிரி ஆகிவிடும். இன்க்ளூட்களை அள்ளிப் போடவும் கூடாது: டிஎன்எஸ் தேடல் 10-ஐத் தாண்டினால் மறுபடியும் பெர்ம்எரர்.

அடுத்து டிகிம். மெயில் உங்கள் டொமைனிலிருந்துதான் வந்தது, வழியில் திருத்தப்படவில்லை என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பம் இது. மெயில் கம்பெனியின் அட்மின் பக்கத்தில் கிடைக்கும் சாவியை (கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் நீண்ட எழுத்துக் கோவை) டிஎன்எஸ் பக்கத்தில் அப்படியே ஒட்ட வேண்டியதுதான். 2048 பிட் சாவியைச் சில டிஎன்எஸ் பக்கங்கள் ஏற்காது. ஒரு டெக்ஸ்ட் துண்டுக்கு 255 எழுத்துதான் வரம்பு. இரட்டை மேற்கோளுக்குள் இரண்டு துண்டாக்கிப் போடுங்கள்.

சரி, இவ்வளவும் செய்தால் போலி மெயில் நின்றுவிடுமா? நிற்காது. எஸ்பிஎஃப் பார்ப்பது ரிட்டர்ன் பாத் முகவரியை (போய்ச் சேராத மெயில் திரும்பி வரும் முகவரி). வாடிக்கையாளர் கண்ணில் படுவது 'ஃப்ரம்' முகவரி. எஸ்பிஎஃப், டிகிம் இரண்டில் ஒன்றாவது தேறி, அதன் டொமைன் ஃப்ரம் டொமைனோடு பொருந்த வேண்டும் என்று கேட்பதுதான் டிமார்க். தேறாத மெயிலை என்ன செய்வது என்பதையும் இந்த ரெக்கார்டில்தான் சொல்கிறோம். எடுத்ததும் 'ரிஜெக்ட்' (மெயிலைத் திருப்பிவிடு) போடாதீர்கள். முதலில் 'நன்' (ஒன்றும் செய்யாதே), கூடவே அறிக்கை வர ஒரு முகவரி. உங்கள் வெப்சைட் ஃபார்ம், பில்லிங் மென்பொருள் என்று மறந்துபோன இடங்களெல்லாம் அறிக்கையில் தலைகாட்டும். அவற்றைச் சரிசெய்த பிறகு 'குவாரன்டைன்' (ஸ்பாமில் போடு), அப்புறம் ரிஜெக்ட். அறிக்கை எக்ஸ்எம்எல் கோப்பாக வரும். வெறும் கண்ணால் படிப்பது வீண் வேலை, இலவச ரீடர் ஒன்றில் போட்டுப் பாருங்கள்.

சோதிக்க ஜிமெயிலுக்கு ஒரு மெயில் அனுப்பி, கம்ப்யூட்டரில் திறந்து 'ஷோ ஒரிஜினல்' பாருங்கள். மூன்றுக்கும் 'பாஸ்' வர வேண்டும். 2024 பிப்ரவரியிலிருந்து, ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000 மெயில் அனுப்புவோருக்கு இந்த மூன்றையும் கூகுள் கட்டாயமாக்கிவிட்டது.

பின்சேர்க்கை: கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு வாசகர், மெயில் ஃபார்வர்டு ஆகும்போது எஸ்பிஎஃப் தோற்கிறதே என்று கேட்டிருந்தார். தோற்கத்தான் செய்யும், இடையில் நிற்கும் சர்வர் உங்கள் பட்டியலில் இல்லையே. மெயிலின் உள்ளடக்கத்தை யாரும் திருத்தாதவரை டிகிம் கையொப்பம் தாங்கும், டிமார்க்கும் தேறும். எஸ்பிஎஃப் மட்டும் போதும் என்று ஹோஸ்டிங்காரர் சொன்னால் கேட்காதீர்கள்.