பிளாட் ஏஜிஎம்மில் உங்கள் ஓட்டு செல்ல வேண்டுமா?

பினாங்கில் 1965-இல் நிறுத்திய நகராண்மைத் தேர்தல் இன்னும் திரும்பவில்லை. வீட்டு வாசலுக்கு மிக அருகில் நமக்கு இருப்பது, பிளாட்டின் ஏஜிஎம்மில், அதாவது ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், நிர்வாகக் குழுவுக்குப் போடும் ஓட்டு. பழுதான லிஃப்ட், குப்பை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அந்தக் குழுவின் கையில்தான். வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஓட்டு இல்லை. வீட்டு உரிமையாளருக்கு மட்டுமே.

ஓட்டு பறிபோவது பெரும்பாலும் பாக்கியால். 2013 ஸ்த்ராத்தா (அடுக்குமாடி) நிர்வாகச் சட்டப்படி, கூட்டத்துக்கு முந்தைய ஏழாம் நாளில் பராமரிப்புக் கட்டணத்திலோ சிங்கிங் ஃபண்டிலோ (பெரிய செலவுகளுக்கான சேமிப்பு நிதி) கொஞ்சம் நின்றாலும் ஓட்டு கிடையாது. ஞாயிறு கூட்டம் என்றால் முந்தைய ஞாயிறே கணக்கு தீர்ந்திருக்க வேண்டும். அன்று ஆபீஸ் பூட்டியிருக்கலாம், அதற்கும் முந்தைய வியாழனுக்குள் கட்டிவிடுங்கள். ரசீதில் பிளாக், வீட்டு எண், மாதம் மூன்றையும் கவுண்டரிலேயே பாருங்கள். வீட்டு எண் குறிப்பிடாமல் ஆன்லைனில் அனுப்பிய பணம் யார் கணக்கிலும் ஏறாமல் கிடக்கும். நோட்டீஸ் 14 நாளுக்கு முன் வந்தாலும் பாக்கி தீர்க்க மிஞ்சுவது ஒரே வாரம். அதனால் நோட்டீஸ் ஒட்டிய அன்றே மாடி மாடியாகச் சொல்லுங்கள். "அக்கா, பாக்கி இருக்கா?" என்று கேட்கக் கூச்சமே வேண்டாம்.

கணவன் மனைவி இருவர் பெயரிலும் வீடு இருந்தால், ஒருவர் சும்மா வந்து கை தூக்கினால் செல்லாது. இருவரும் கையெழுத்திட்டு ஒருவரைப் புரோக்சியாக, அதாவது ஓட்டுப் போடும் பிரதிநிதியாக, நியமிக்க வேண்டும். பலர் இதைத் தவறவிட்டு வாசலிலேயே திரும்புகிறார்கள்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஷிப்ட்டில் இருப்பவர்களுக்கும், படி இறங்க முடியாத பெரியவர்களுக்கும் புரோக்சிதான் வழி. புரோக்சி பாரத்தை (படிவத்தை) கூட்டத்துக்கு 48 மணி நேரத்துக்கு முன் கொடுத்தாக வேண்டும்: ஞாயிறு காலை 10 மணிக்குக் கூட்டம் என்றால் வெள்ளி காலை 10 மணிக்குள். நகலில் ஆபீஸ் முத்திரையும் நேரமும் வாங்குங்கள். ஒருவர் ஒரு உரிமையாளருக்கு மட்டுமே புரோக்சி ஆகலாம். ஐந்து பெரியவர்களுக்கு ஐந்து இளைஞர்கள் தேவை. இங்கேதான் அக்கம்பக்க ஒற்றுமை உண்மையில் வேலை செய்கிறது. புரோக்சியின் பெயர் எழுதாத பாரத்தில் மட்டும் யாரும் கையெழுத்திட வேண்டாம்.

மழை பெய்தாலும் நேரத்துக்கு வாருங்கள். ஓட்டுரிமை உள்ளவர்களில் பாதிப்பேர் வராவிட்டால் அரை மணி நேரம் காத்திருப்பார்கள். அதற்குமேல் வந்திருப்பவர்களே போதும், கூட்டம் நடந்துவிடும். குழுவுக்கு 3 முதல் 14 பேர் வரை தேவை, நிற்க ஆட்களை முன்பே பேசி வையுங்கள்.

கை தூக்கும் ஓட்டில் வீட்டுக்கு ஒன்று. எண்ணிக்கையில் சந்தேகம் வந்தால் ஒரே ஒரு உரிமையாளர் எழுந்து 'போல்' (poll) எனும் வாக்கெடுப்பைக் கேட்கலாம். அப்போது வீட்டுக்கு ஒன்று என்றில்லாமல், ஒவ்வொரு வீட்டுக்கும் கடைக்கும் ஒதுக்கிய ஷேர் யூனிட் (பங்கு அளவு) படி எண்ணுவார்கள். கீழ்த்தளத்தில் பெரிய கடைகள் இருந்தால் முடிவு மாறக்கூடும், கேட்கும் முன் அதைக் கணக்குப் பாருங்கள்.