சில்வர் வண்டியில் திட்டுத் தெரியாமல் டச்-அப் அடிப்பது

என் சில்வர் ஆல்டோ நிற்பது திருவான்மியூரில், கடற்கரைக்கு நாலு தெரு தள்ளி. உப்புக் காற்றில் பின்சக்கர வளைவு துருப்பிடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். துருவைச் சுரண்டி, பட்டி பார்த்து, பிரைமர் அடிப்பதெல்லாம் பொறுமை இருந்தால் யாருக்கும் வரும். மானம் போவது அதற்கு அப்புறம்தான்.

கலர் சேரவில்லை என்று எல்லோரும் மிக்ஸிங் கடைக்காரரைத் திட்டுகிறோம். பழைய பெயிண்டும் புதுசும் கோடு போட்டதுபோல் சந்தித்தால் எவ்வளவு நல்ல கலரும் காட்டிக்கொடுத்துவிடும். அந்த ஓரத்தைக் கரைப்பதில்தான் மொத்த வேலையும். ஆனாலும் கலர் நம்பரோடு பெட்ரோல் மூடியையும் கழற்றிக் கொண்டுபோங்கள். வெயிலில் வெளுத்த வண்டிக்கு நம்பர் மட்டும் போதாது.

பிரைமரை 800 நம்பர் வாட்டர் பேப்பரால் தேய்த்து, கண்ணை மூடி விரலால் தடவுங்கள். மேடு தட்டினால் இன்னும் தேய்க்க வேண்டும். சுற்றியுள்ள பழைய பெயிண்டை 1500-ல் பளபளப்பு போகும் அளவுக்கு மட்டும் மங்கவையுங்கள். டயர் பாலிஷில் இருக்கும் சிலிகான் துளி ஒட்டியிருந்தாலும் பெயிண்ட் குழிகுழியாக விலகும். அதனால் வாக்ஸ் ரிமூவரால் துடைக்காமல் ஸ்பிரே கேனைத் தொடாதீர்கள். மாஸ்கிங் டேப்பைத் திட்டின் ஓரத்தில் ஒட்டவே கூடாது. பேனல் இணைப்பு வரை தள்ளிப் போய் ஒட்டுங்கள்.

கலரின் முதல் கோட்டிங் பிரைமரை மூடினால் போதும். அடுத்தது நாலு விரல் தாண்டி, அதற்கடுத்தது இன்னும் கொஞ்சம் தாண்டி. ஒவ்வொன்றும் மெல்லிசாக, 20-25 செ.மீ. தூரத்தில், நடுவில் பத்து நிமிடம் விட்டு. சில்வரில் ஒரு வில்லங்கம் உண்டு: ஈரமாக அடித்தால் அலுமினியத் துகள்கள் அடியில் படிந்து கருக்கும், வறட்சியாக அடித்தால் வெளுக்கும். அதனால் ஒரே கேனிலிருந்தே இரண்டு கலர் வரும். முதலில் ஒரு அட்டையில் அடித்துக் காயவைத்து, வண்டிமேல் வைத்து வெயிலில் பக்கவாட்டிலும் பாருங்கள். கடைசியாக, கேனை இன்னும் தள்ளிப் பிடித்துப் பனி படிவதுபோல் ஒரு தூவல். அதன்மேல் வாட்டர் பேப்பர் படவே கூடாது.

கலருக்கு மேல் அடிக்கும் நிறமில்லாத பூச்சுதான் கிளியர். அது திட்டோடு நிற்கக் கூடாது. பேனல் நடுவில் முடியும் கிளியர் பின்னாளில் உரியும். ஆனால் பின்பக்கத் தகடு இணைப்பே இல்லாமல் கூரை வரை ஏறுகிறதே? கூரையைத் தாங்கும் தூண் எங்கே குறுகலோ அங்கே முடித்து, ஓரத்தைக் கரைக்கும் பிளெண்டிங் தின்னரை லேசாகத் தூவுங்கள்.

ஹார்டனர் கலக்கும் 2கே கிளியரில் ஐசோசயனேட் என்ற, நுரையீரலைக் கெடுக்கும் ரசாயனம் இருக்கிறது, துணி மாஸ்க் அதைத் தடுக்காது. வீட்டில் ஹார்டனர் இல்லாத 1கே கேன்தான் என் தேர்வு. ஆனால் பெட்ரோல் வழிந்தால் அது இளகும். மூடி இருக்கும் பக்கமென்றால் கிளியரை மட்டும் பட்டறையில் கொடுத்துவிடுவேன்.

ஐப்பசி மழை ஈரத்தில் இந்த மாதிரி லேக்கர் பெயிண்ட் பால்போல் வெளுக்கும், அந்த மாதத்தில் வேண்டாம். மற்ற நாட்களில் காலை பத்து மணி வாக்கில், கடல்காற்று மணலோடு கிளம்புவதற்கு முன், நிழலில் அடியுங்கள்.

ஒரு வாரமாவது காயவிட்டு, கிளியரை மட்டும் 2000-ல் ஈரமாகத் தேய்த்து ரப்பிங் காம்பவுண்ட் போடலாம். துணியைப் புது பெயிண்டிலிருந்து பழையதை நோக்கியே இழுங்கள், எதிர்த்திசையில் இழுத்தால் ஓரம் கிளம்பிவிடும்.