குழந்தையின் சிறுநீர்த் தொற்று: மாதிரி எடுக்கும் முறை

டர்பனின் கோடைப் புழுக்கத்தில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் வெயிலின்மேல் பழி போடுவது அந்நகரின் சாட்ஸ்வொர்த் பகுதி வீடுகளில் எளிது. ஆனால் சளியோ இருமலோ இன்றி 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ந்தால் சிறுநீரைச் சோதிக்க வேண்டும். மூன்று மாதத்திற்கு உட்பட்ட குழந்தையாயின் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைத் தொடங்குமுன் மாதிரி எடுப்பதே முதன்மையானது. பிறப்புறுப்பை நீரால் கழுவி, முதலில் வரும் சிறுநீரை விட்டு, நடுவில் வருவதைத் தூய்மையான குப்பியில் பிடியுங்கள். குழந்தையின் தோலில் ஒட்டிச் சிறுநீர் பிடிக்கும் ஒட்டுப்பையில் சேரும் சிறுநீரில் தோலின் கிருமிகள் கலந்துவிடுவதால், அதை மட்டும் வைத்துத் தொற்றை உறுதிசெய்ய இயலாது. ஆய்வகம் சேரத் தாமதமானால் குப்பியைக் குளிர்பெட்டியில் வையுங்கள்.

காய்ச்சல் தணிந்தாலும் மருத்துவர் குறித்த நாள்வரை மருந்தைக் கொடுங்கள். மலச்சிக்கலையும் கவனியுங்கள், பலரும் மறக்கும் அதுவே தொற்று திரும்பிவர ஒரு காரணமாகும்.