பெரிய ஸ்டுடியோ துணையின்றிப் படமெடுக்கும் அமெரிக்க இண்டி இயக்குநர்கள் சறுக்கும் இடங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராபர்ட் ரோட்ரிகஸ் 7,000 டாலரில் ‘எல் மரியாச்சி’ எடுத்த கதையைக் கேட்டுவிட்டு இறங்கும் புது இயக்குநருக்கு முதலில் தப்புவது கணக்குதான். 1992-இல் அந்தக் காசுக்குக் கிடைத்தது, 16 எம்.எம். ஃபிலிமும் வீடியோவில் எடிட் செய்த ஒரு பிரதியும். கொலம்பியா நிறுவனம் வாங்கிய பிறகு ஒலியைச் சரிசெய்யவும், தியேட்டருக்காக 35 எம்.எம்.முக்கு மாற்றவும் அதைப்போல் பல மடங்கு செலவானது. கையில் இருப்பதையெல்லாம் ஷூட்டிங்கிலேயே கரைத்துவிட்டால் படம் ஹார்டு டிஸ்க்கில் தூங்கும். மூன்றில் ஒரு பங்கையாவது எடிட்டிங், ஒலி வேலைகள் அடங்கிய போஸ்ட் புரொடக்‌ஷனுக்கு எடுத்துவைப்பது நல்லது.

அதிலும் பெரிய குழி, பாட்டு. சார்ல்ஸ் பர்னெட் மாணவராக இருந்தபோது லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதியில் பெரும்பாலும் வார இறுதிகளில் எடுத்த படம் ‘கில்லர் ஆஃப் ஷீப்’. செலவு 10,000 டாலருக்கும் குறைவு. 1990-இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டிலேயே அது இடம்பிடித்தது. ஆனாலும் முறையாகத் தியேட்டருக்கு வந்தது 2007-இல். படம் முழுக்க வரும் பாட்டுகளுக்கு உரிமை வாங்காததுதான் காரணம். கடைசியில் அதற்கு ஆன தொகை 1,50,000 டாலர். அப்போதும் ஒரு பாட்டு கிடைக்காமல் மாற்ற வேண்டியிருந்தது.

ஒரு பாட்டுக்கு இரண்டு அனுமதி வேண்டும். மெட்டுக்கும் வரிக்குமான சிங்க் உரிமையை இசைப் பதிப்பாளரிடமும், அந்த ஒலிப்பதிவுக்கான மாஸ்டர் உரிமையை ரெக்கார்டு கம்பெனியிடமும் கேட்க வேண்டும். ஒன்றை வாங்கி மற்றதை மறப்பவர்கள் ஏராளம். மெட்டு பொதுச்சொத்தாகிவிட்டாலும் ஒலிப்பதிவுக்கு வேறு சொந்தக்காரர் இருக்கலாம். ‘எட்டு நொடி வரை இலவசம்’ என்பது வெறும் வதந்தி. அமெரிக்கச் சட்டத்தில் அப்படி ஒரு விதியே இல்லை. திரைப்பட விழாவுக்கு மட்டும் என்று மலிவாக அனுமதி வாங்கும்போதே, படம் விற்றால் முழு உரிமைக்கு எவ்வளவு என்பதையும் எழுதி வாங்கிவிடுங்கள். விற்ற பிறகு போய்க் கேட்டால் விலை அவர்கள் சொல்வதுதான்.

மதுக்கடைக் காட்சி எடுக்கிறீர்களா? ரேடியோவை அணைத்துவிட்டு எடுங்கள். வசனத்தோடு பாட்டும் பதிவாகிவிட்டால் பிறகு சுத்தமாகப் பிரிப்பது பெரும்பாடு. எடிட்டிங்கில் வெட்டி ஒட்டும் ஒவ்வொரு இடத்திலும் பாட்டு தாவும். நடிகர்கள் கிளம்புமுன் அதே இடத்தில் 30 நொடி அமைதியையும் பதிவு செய்துகொள்ளுங்கள். எடிட்டர் வசனங்களுக்கு இடையே இட்டு நிரப்ப அந்த ரூம் டோன்தான் கைகொடுக்கும்.

நண்பர்தானே என்று திரைக்கதையில் கைவைத்தவரிடம் கையெழுத்து வாங்காமல் விடுவது அடுத்த தவறு. அமெரிக்காவில் பதிப்புரிமை கைமாறக் கையெழுத்திட்ட எழுத்து வேண்டும், வாய்ப்பேச்சு செல்லாது. உரிமை வழக்குகள் வந்தால் காக்கும் ‘எரர்ஸ் அண்ட் ஒமிஷன்ஸ்’ காப்பீட்டை விநியோகஸ்தர் கேட்பார்; அதை எடுக்கப் போகும்போது இந்த ஓட்டை வெளிப்படும். அதற்குள் நண்பர் வேறு மனிதராகியிருப்பார்.

ஆர்வக்கோளாறில் படத்தை இணையத்தில் ஏற்றிவிடாதீர்கள். சன்டான்ஸ் திரைப்பட விழாவின் அமெரிக்கப் போட்டிப் பிரிவு உலக முதல் திரையிடலை, அதாவது வேறெங்கும் வெளிவராத படத்தை, எதிர்பார்க்கும்.

விநியோக ஒப்பந்தம் வந்ததும் முன்பணத்தை மட்டும் பார்ப்பவர்கள் மற்ற நிபந்தனைகளில் ஏமாறுகிறார்கள். எத்தனை ஆண்டு, எந்தெந்த நாடு, விநியோகஸ்தர் செலவு என்று கழிப்பதற்கு உச்சவரம்பு உண்டா, நிறுவனம் மூழ்கினால் உரிமை திரும்புமா? வரம்பு போடாவிட்டால் விளம்பரம், பயணம், சந்தைக் கட்டணம் எல்லாம் உங்கள் பங்கிலிருந்தே போகும். இண்டி இயக்குநர் ஜிம் ஜார்முஷ் தன் படங்களின் நெகட்டிவ்களை, அதாவது மூலப் பிரதிகளை, தன் வசமே வைத்துக்கொள்பவர். முதல் பட இயக்குநருக்கு அந்தப் பேரம் படியாது. ஒப்பந்தத்தின் ஆண்டுக் கணக்கையாவது குறைத்துக் கேட்கலாம்.