குடிய நிப்பாட்டப் போறீங்களா? மூளை என்ன பண்ணும்னு மொதல்ல தெரிஞ்சுக்கங்க

வீட்ல தெனமும் குடிக்கிற அப்பாவோ மச்சானோ திடீர்னு "நாளையிலருந்து தொடமாட்டேன்"னு சொன்னா சந்தோசமாத்தேன் இருக்கும், ஆனா அன்னைக்குத்தேன் நீங்க ரொம்ப உசாரா இருக்கணும். நான் மதுரைல ஒரு மெடிக்கல் ஷாப்புல நிக்கிறவன், டாக்டர் இல்ல. கார்த்திகை ஒண்ணாந்தேதி மாலை போட்டுட்டு ரெண்டாவது நாளே கை நடுங்க "சாமி, தூக்கமே வரல, ஏதாச்சும் மாத்திரை குடுங்க"ன்னு வந்து நிக்கிற ஆளுக வருசா வருசம் உண்டு. அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்பு முன்னால சத்தியம் பண்ணிட்டு வந்தவுங்களும் இதே நெலமைலதான் வருவாங்க. சத்தியத்துல ஒரு கொறையும் இல்ல, மூளை அத்தன வேகமா மாறாது, அதான் சிக்கலே.

மூளைல காபான்னு ஒண்ணு இருக்கு, நரம்புகள அடக்கி வைக்கிறது அதோட வேலை. குளூட்டமேட்னு இன்னொண்ணு, அது முடுக்கி விடும். சரக்கு உள்ள போனா காபா பக்கம் கை ஓங்கிரும், குளூட்டமேட் அமுங்கிரும், அதனாலதான் நாக்கு கொழறுது, நடை தள்ளாடுது. இத பேசலாமா வேணாமான்னு யோசிக்கிற நெத்திப்பக்க மூளையும் மந்தமாயிரும், அப்பறம் தெருவுல நின்னு சத்தம் போடாம என்ன பண்ணுவாரு. இப்படியே வருசக்கணக்கா போச்சுன்னா, பிரேக்க மிதிச்சபடியே ஆட்டோ ஓட்டுறவன் ஆக்சிலேட்டர கூட முறுக்குவான்ல, மூளையும் அதேதான் பண்ணும். ஒருநா பிரேக்க டக்குன்னு விட்டா வண்டி என்னாகும்னு நீங்களே யோசிச்சுக்கங்க. "எங்க மாமா எவ்ளோ ஊத்துனாலும் ஸ்டெடியா நிப்பாரு"ன்னு பெருமையா சொல்றாங்க பாருங்க, அது தெம்பு இல்ல, மூளை பழகிப்போனதுக்கு அடையாளம், அந்த மாதிரி ஆளுகளுக்குத்தேன் நிப்பாட்டும்போது ஆபத்து ஜாஸ்தி.

கடைசியா குடிச்சு ஒரு 6 மணி நேரத்துலருந்தே கைநடுக்கம், வேர்வை, வாந்தி, படபடப்பு எல்லாம் ஆரம்பிக்கும். ஃபிட்ஸ் வந்தா பெரும்பாலும் மொத 48 மணி நேரத்துக்குள்ள வரும். அதுக்கப்பறம் ரெண்டாவது நாள்லருந்து நாலாவது நாள் வரைக்கும்தான் பெரிய கண்டம், ஆளு எங்க இருக்கோம்னே தெரியாம பேசுவாரு, செவுத்துல பூச்சி ஊருதும்பாரு, இல்லாத ஆளோட பேசுவாரு, காய்ச்சல் அடிக்கும். நம்ம ஊர்ல இத பாத்துட்டு காத்து கருப்பு அடிச்சிருச்சுன்னு வேப்பிலையத் தூக்குவாங்க. டாக்டருக இத டெலிரியம் ட்ரெமன்ஸ்னு சொல்லுவாங்க, வைத்தியம் பாக்காம விட்டா உசுருக்கே ஆபத்து.

அதனால மொதல்ல அவர்கிட்ட சண்ட போடாம ரெண்டே கேள்வி கேளுங்க. காலைல ஒரு கட்டிங் போட்டாத்தான் கை நிக்கிதா, முன்னாடி நிப்பாட்டுனப்ப எப்பவாச்சும் ஃபிட்ஸ் வந்துச்சா. ஒண்ணுக்கு ஆமான்னு வந்தாலும் வீட்ல வச்சு நிப்பாட்ட வேணாம், டாக்டர பாக்குற வரைக்கும் ஒரேயடியா விடவும் வேணாம். நேரா பெரியாஸ்பத்திரில மனநல ஓபிக்கு கூட்டிட்டுப் போங்க, மனநலம்னு பேர பாத்து தயங்காதீங்க, இது அவங்க தெனமும் பாக்குற கேஸ். குளோர்டயஜிபாக்சைடு இல்ல டயஜிபாம் மாதிரி மாத்திரை குடுத்து நாளுக்கு நாள் அளவ கொறச்சுட்டே வருவாங்க, அதுவும் காபா மேலதான் வேலை செய்யிது, அதனால மூளை நிதானமா எறங்கி வரும். கூடவே தயமின், அதாவது விட்டமின் பி1 ஊசி போடுவாங்க. இங்க ஒண்ணு சொல்லணும், ஆளு சோர்ந்து கெடக்காருன்னு தெருமுனை கிளினிக்குல குளுக்கோஸ் ட்ரிப்ஸ் ஏத்திட்டு வர்றது நம்மாளுக பழக்கம். குடிக்கிறவுங்க உடம்புல பி1 கொறஞ்சு கெடக்கும், அத போடாம குளுக்கோஸ மட்டும் ஏத்துனா கண்ணு, நடை, ஞாபகம் எல்லாத்தையும் பாதிக்கலாம். குடிப்பாருங்கிறத ட்ரிப்ஸ் போடுறவுங்ககிட்ட மறைக்காம சொல்லிருங்க.

ஃபிட்ஸ் வந்துட்டா கைல சாவி குடுக்காதீங்க, வாயில ஸ்பூன் வைக்காதீங்க, ஒருக்களிச்சுப் படுக்க வச்சுட்டு 108க்கு அடிங்க.

அப்பறம் கடைக்கு வந்து ரகசியமா கேக்குற அக்காமாரு இருக்காங்க, "அவருக்குத் தெரியாம கொழம்புல கலக்குற மாத்திரை இருக்காமே". டைசல்ஃபிராம்தான் அது. சாராயம் ஈரல்ல ஒடஞ்சு அசிட்டால்டிஹைடுங்கிற நச்சா மாறும், இந்த மாத்திரை அதுக்கு மேல ஒடைய விடாது. மாத்திரை உள்ள இருக்கும்போது குடிச்சா அந்த நச்சு தேங்கி முகம் செவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடன்னு அடிச்சு, பிரஷர் எறங்கி ஆளே போயிரலாம். அவருக்குத் தெரிஞ்சு, அவரு சம்மதிச்சு, டாக்டர் சொல்லி மட்டும்தான் குடுக்கணும், நான் சீட்டு இல்லாம யாருக்கும் தர்றதில்ல, கோவிச்சுட்டுப் போனாலும் பரவால்ல.

நடுக்கம் ஒரு வாரத்துல அடங்கிரும், ஆனா ஆசை அடங்காது. டோபமின்னு ஒண்ணு, இதுல சொகம் இருக்கு மறுபடி வான்னு மூளைக்குப் பாடம் நடத்துறது அதுதான். சரக்கோட சேத்து சனிக்கெழம சம்பளம், கடைக்குப் போற சந்து, கூட குடிச்ச பய, ஆம்லெட் வாசம் எல்லாத்தையும் மூளை ஒண்ணா முடிச்சுப் போட்டு வச்சிருக்கும், அதுல ஒண்ணப் பாத்தாலே கால் தானா அங்குட்டு திரும்பும். அதனால வேல முடிஞ்சு வர்ற ரூட்ட மாத்துங்க, கொஞ்ச மாசத்துக்கு சம்பளம் வீட்டம்மா அக்கவுண்ட்ல விழட்டும், சாயங்காலம் வெறும் வயித்தோட விடாதீங்க.

கஞ்சா, உதட்டுல அதக்குற கூல் லிப் புகையிலை, இதுகளோட கத வேற. புகையிலைல இருக்குறது நிகோடின், பீடி சிகரெட்டா இழுத்தா சில நொடியில மூளைக்குப் போயிரும், புகையிலைய விட்டா எரிச்சலும் கோவமும் மொத வாரம்தான் உச்சத்துல இருக்கும், உசுருக்கு ஆபத்து இல்ல. கஞ்சா ஞாபகத்தையும் நேரக் கணக்கையும் கலைக்கும். மூளை முழுசா வளர சுமார் 25 வயசு வரைக்கும் ஆகும், பத்தாப்பு பையன் தெனமும் இழுத்தா சந்தேகம், காதுல குரல் கேக்குறதுன்னு மனநோய் வர வாய்ப்பு கூடும்.

ஓபிக்கு போறதுக்கு முன்னாடி பேசிப் பாக்கணும்னா 14446, போதைப் பழக்கத்துக்குன்னே இருக்குற இலவச நம்பர். மனசு ரொம்ப ஒடஞ்சிருந்தா 14416. போகும்போது கடைசியா எப்ப குடிச்சாரு, தெனம் எவ்ளோங்கிறத எழுதிக்கங்க, அவரு போடுற மாத்திரை அட்டை அத்தனையும் எடுத்துட்டுப் போங்க, முக்கியமா தூக்க மாத்திரை இருந்தா மறக்காதீங்க, சரக்கும் அதுவும் சேந்தா மூச்சே அடங்கிரும்.