மேல்பக்க மாஸ்ஃபெட் மட்டும் ஏன் சுட்டது?

24 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைத்து 8 ஆம்பியர் தரும் சுற்று. 300 கிலோஹெர்ட்ஸில் ஓடுவது. வெளியீட்டில் குறையில்லை. ஆனால் மேல்பக்க மாஸ்ஃபெட்டில் (உள்ளீட்டை விட்டுவிட்டு இணைக்கும் மின்னணு சுவிட்ச்) விரல் வைக்க முடியவில்லை. அது அணைந்திருக்கும்போது கடத்தும் கீழ்பக்கத்திலும் அதே உருப்படிதான், அதில் இளஞ்சூடு மட்டுமே.

ஹீட்சிங்க் ஒட்டினேன்; கொதிப்பு இரண்டு நிமிடம் தள்ளிப்போனது, அவ்வளவுதான். கடத்தும்போதுள்ள தடை குறைந்தால் சூடும் குறையும் என்று நம்பி 12 மில்லிஓம் மாஸ்ஃபெட்டை எடுத்துவிட்டு 4 மில்லிஓம் போட்டேன். முன்னைவிட அதிகமாகச் சுட்டது! மாஸ்ஃபெட்டை இயக்கும் டிரைவர் சிப்பைச் சந்தேகித்து மாற்றியதில் இன்னொரு நாள் போயிற்று.

தற்செயலாக அதிர்வெண்ணை 150க்கு இறக்கியபோது சூடு ஏறக்குறையப் பாதியானது. தடையால் வரும் இழப்பு அப்படிக் குறையாதே! கணக்குப் போட்டேன். மேல்பக்கம் கடத்துவது 21 சதவீத நேரம்தான். 4 மில்லிஓமில் அந்த இழப்பு வெறும் 0.05 வாட். ஆசிலோஸ்கோப்பில் ஏறும் விளிம்பும் இறங்கும் விளிம்பும் சேர்ந்து 60 நானோவினாடி. 300 கிலோஹெர்ட்ஸில் அந்த நிலைமாற்றத்தில் போவது 1.7 வாட். தடை குறைந்த மாஸ்ஃபெட்டுக்குக் கேட் மின்னூட்டம் (திறக்க அதன் கேட் முனையில் நிரப்ப வேண்டியது) 90 நானோகூலும். அதை நிரப்ப டிரைவர் திணறியிருக்கிறது.

மேலே 14 மில்லிஓம், 12 நானோகூலும் கொண்டதைப் போட்டேன். கழற்றிய 4 மில்லிஓம் கீழே போயிற்று. அங்கே 79 சதவீத நேரம் கடத்த வேண்டும். உள் டையோடு முந்திக்கொண்டு கடத்துவதால் நிலைமாற்ற இழப்பும் சொற்பம். இப்போது இரண்டிலும் விரலை வைத்துக்கொண்டே இருக்கலாம்.

இன்னொன்று: டேட்டாஷீட்டின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருந்த மில்லிஓம், கேட்டுக்கு 10 வோல்ட் கொடுத்தால் கிடைப்பது. என் டிரைவர் தருவது 5 வோல்ட். 4.5 வோல்ட்டுக்கான வரி உள்பக்க அட்டவணையில் இருந்தது.